கசாண்ட்ராவின் பல்லவி: கிரேஃபெல்ட் நகரத்து மெட்டல் காப்பியம் ஒன்றின் சொல்லும் இசையமைப்பும்

ஜெர்மனியின் மேற்கில், ரைன் ஆற்றை ஒட்டி, பட்டுக்கும் வெல்வெட்டுக்கும் ஒரு காலத்தில் பேர்போன கிரேஃபெல்ட் நகரத்தைச் சேர்ந்த பிளைண்ட் கார்டியன் என்னும் இசைக்குழு, 14 நிமிடம் 6 விநாடி ஓடும் ‘அண்ட் தென் தேர் வாஸ் சைலன்ஸ்’ என்ற பாடலை 2001 நவம்பரில் தனிப்பாடல் வெளியீடாகவே சந்தைக்குக் கொண்டுவந்தது. வானொலியில் ஒலிபரப்பத் தோதாக மூன்று நான்கு நிமிடங்களுக்குள் அடங்குவதே தனிப்பாடலின் இலக்கணம் என்று உலகமெங்கும் கருதப்பட்டுவந்த நிலையில், டிராய் நகரத்தின் வீழ்ச்சி முழுவதையும் ஒரே பாடலுக்குள் அடக்கிப் பாட முனைந்த இம்முயற்சி, 2002 மார்ச்சில் வெளிவந்த ‘எ நைட் அட் தி ஓபரா’ என்னும் இசைத்தொகுப்பின் நிறைவுப் பாடலாகவும் அமைந்தது. பாடல் வரிகளை எழுதியவர் பாடகர் ஹான்சி கூர்ஷ். இசையை அவரோடு சேர்ந்து அமைத்தவர் கிதார் கலைஞர் ஆந்த்ரே ஓல்பிரிக். முடிவு முன்பே தெரிந்த ஒரு கதையைக் கேட்போர் மனம் பதைக்கச் சொல்லுவது எப்படி என்பது காப்பியப் புலவர் எவருக்கும் நேரும் சிக்கல். அச்சிக்கலுக்கு இப்பாடலின் இசையமைப்பே விடையாகிறது என்பதை நிறுவுவதே இச்சொற்பொழிவின் நோக்கம்.

முதலில் இசைவகை பற்றிச் சில சொற்கள் தேவை. மின்கிதாரின் ஒலியை வேண்டுமென்றே கரகரக்கச் செய்து, ஆதாரச் சுரத்தையும் அதன் ஐந்தாம் சுரத்தையும், கர்நாடக இசைவழக்கில் சொன்னால் சட்சத்தையும் பஞ்சமத்தையும், சேர்த்து மீட்டும் அழுத்தமான ஒலிக்கட்டையும், இரண்டு மிதிகட்டைகளால் இடைவிடாது அதிரும் பெருமுரசையும் அடித்தளமாகக் கொண்டது மெட்டல் இசை. அதில் நீண்ட பாடல் வடிவம், அடிக்கடி மாறும் தாளம், ஒன்றையொன்று ஊடறுத்துச் செல்லும் மெட்டுகள், கதை தழுவிய பாடல் வரிகள் ஆகியவை சேரும்போது ‘புரோகிரசிவ் மெட்டல்’ என்ற பெயர் வழங்குகிறது. அமெரிக்காவின் ஃபேட்ஸ் வார்னிங், டிரீம் தியேட்டர் போன்ற குழுக்கள் இதற்குப் பெயர் வாங்கியவை. ஜெர்மனியிலோ ஹாம்பர்க் நகரத்து ஹெலோவீன் குழு 1987, 1988 ஆகிய ஆண்டுகளில் பதின்மூன்று நிமிடங்களைத் தாண்டிய பாடல்களை வெளியிட்டு, வேகமும் கூட்டுக்குரலும் கலந்த வேறொரு வழியைத் திறந்துவைத்தது. 1984இல் லூசிஃபர்ஸ் ஹெரிட்டேஜ் என்ற பெயரில் தொடங்கிப் பின்னர்ப் பெயர் மாற்றிக்கொண்ட பிளைண்ட் கார்டியன் அவ்வழியில் வந்த குழு. ஹெலோவீனின் காய் ஹான்சன் இவர்களுடைய தொடக்ககாலத் தொகுப்புகளில் விருந்தினராகப் பங்களித்திருக்கிறார். இவர்களைப் ‘பவர் மெட்டல்’ பிரிவில் வைப்பாரும் உளர். எனினும் 2002ஆம் ஆண்டுத் தொகுப்பு, குறிப்பாக அதன் நிறைவுப் பாடல், புரோகிரசிவ் என்ற சொல்லின் முழுப்பொருளுக்கும் உரியது. தொகுப்பின் பெயரும் தற்செயலானதன்று. பல குரல்களை அடுக்கடுக்காகப் பதிவுசெய்து ஒரே பாடலுக்குள் பல நாடகக் காட்சிகளை வைத்த பிரித்தானியக் குழுவான குவீன் 1975இல் வெளியிட்ட தொகுப்பும் அதே பெயர் கொண்டது.

டிராய் என்னும் நகரம் ஜெர்மானியர்களுக்கு அந்நியமான கதைக்களம் அன்று. யோஹான் ஹைன்ரிக் ஃபோஸ் 1781இல் ‘ஒடிசி’யையும் 1793இல் ‘இலியட்’டையும் செய்யுள் வடிவிலேயே ஜெர்மன் மொழிக்குக் கொண்டுவந்த பின்னர் ஹோமர் ஜெர்மானியப் பள்ளிகளின் சொத்தானார், ஷில்லர் 1802இல் டிராய் மன்னன் மகள் கசாண்ட்ராவைப் பற்றிக் கவிதை எழுதினார், ஹைன்ரிக் ஷ்லீமான் டிராயைத் தேடித் துருக்கியின் ஹிசார்லிக் மேட்டைத் தோண்டினார், கிறிஸ்டா வோல்ஃப் 1983இல் அதே கசாண்ட்ராவைத் தம் புதினத்தின் கதைசொல்லியாக்கினார். பாடல் வெளிவந்த 2001ஆம் ஆண்டில் டிராய் பற்றிய பெருங்கண்காட்சி ஒன்று ஷ்டுட்கார்ட், பிரவுன்ஷ்வைக், பான் ஆகிய நகரங்களில் அடுத்தடுத்து நடைபெற்றது. 1988 முதல் ஹிசார்லிக்கில் அகழாய்வு நடத்திய மான்ஃப்ரெட் கோர்ஃப்மானுக்கும் அதே டியூபிங்கன் பல்கலைக்கழகத்தின் வரலாற்றறிஞர் ஃபிராங்க் கோல்புக்கும் இடையே, டிராய் உண்மையிலேயே பெருநகரமா, வெறும் சிற்றூரா என்ற கடும் விவாதம் நாளிதழ்கள்வரை எட்டியது. இசைக்குழு அவ்விவாதத்தால் தூண்டப்பட்டது என்று கொள்ள வேண்டியதில்லை. அவ்வாண்டு டிராய் ஜெர்மனியில் செய்தியாக இருந்தது என்பதை மட்டும் நினைவிற்கொண்டால் போதும்.

பாடலின் மூலங்கள் இரண்டு: ஹோமரின் ‘இலியட்’, வெர்ஜிலின் ‘ஈனியட்’. இவற்றுள் இரண்டாவதன் பங்கே பெரிது. ‘இலியட்’டின் கசாண்ட்ரா வருவது உரைப்பவள் அல்லள், பிரியம் மன்னனின் அழகிய மகள், இறந்த ஹெக்டரின் உடல் திரும்பிவருவதை 24ஆம் பகுதியில் எல்லோருக்கும் முன்பாகக் காண்பவள், அவ்வளவே. வருங்காலத்தை அறியும் ஆற்றலை அப்பல்லோ அவளுக்கு அளித்து, அவள் தன்னை ஏற்காததால் அச்சொல்லை எவரும் நம்பாதபடி சபித்தான் என்னும் செய்தி எஸ்கிலஸ் முதலிய பிற்காலத்தார் வழியாக வளர்ந்தது. ‘ஈனியட்’டின் இரண்டாம் பகுதியில், கிரேக்க வீரர்கள் ஒளிந்திருந்த மரக்குதிரை நகருக்குள் இழுக்கப்படும் அந்த வேளையிலேயே அவள் வாய் திறக்கிறாள், நம்புவார் இல்லை. கூர்ஷ் தம் பாடலுக்குக் கதைசொல்லியாகத் தேர்ந்தது இந்தக் கசாண்ட்ராவை. எகில்லீசையோ ஹெக்டரையோ தேர்ந்திருந்தால் பாடல் போர்ப்பாட்டாக முடிந்திருக்கும். முடிவை அறிந்தவள் கதை சொல்லும்போது, முடிவை அறிந்த கேட்பவரும் அவளும் ஒரே நிலையில் நிற்கின்றனர். இருவருக்கும் தெரிகிறது, இருவராலும் தடுக்க இயலவில்லை.

இத்தகைய பெண் தமிழ்க் காப்பிய மரபுக்கும் புதியவள் அல்லள். சிலப்பதிகாரத்தில் பாண்டியன் கோப்பெருந்தேவி கண்ட தீக்கனவைக் கேட்டுக்கொண்டிருக்கும் வேளையிலேயே கண்ணகி வாயிலில் வந்து நிற்கிறாள். கம்பனின் திரிசடை இலங்கையின் அழிவைக் கனவில் கண்டு சீதைக்குச் சொல்கிறாள். ஆனால் இவர்களுடைய சொல் காப்பியத்துள் ஒரு காதையாகவோ படலத்தின் ஒரு பகுதியாகவோ அமைந்து, கதை பின்னர் வேறொருவர் கையில் நகர்கிறது. கிரேஃபெல்ட் பாடலிலோ கனவே முழுக்கதையாகிறது. எனவே நிகழ்ச்சிகள் கால வரிசையில் வரவேண்டிய கட்டாயம் நீங்குகிறது. எரியும் வெளியைக் காணுமாறு கேட்பவரை அழைக்கும் குரலோடு பாடல் தொடங்குகிறது. அழிவைக் கொண்டுவருபவன் தொலைவிலிருந்து வந்துகொண்டிருக்கிறான். தொடக்கப் பகுதியிலேயே ரோம் ஒருநாள் பழிதீர்க்கும் என்ற, நூற்றாண்டுகளுக்குப் பிந்தைய செய்தி இடம்பெறுகிறது. அதன் பின்னரே பிரியத்தின் மகன் பாரிஸ் பிறந்த கதைக்குப் பாடல் பின்னோக்கிச் செல்கிறது: அரண்மனைக்கு நாசம் கொணரப்போகும் குழந்தை, அதன் சாவே நகருக்கு நன்மை என்னும் கொடிய அறிவுரை, பின்பு மூன்று தேவியருள் ஒருத்தியைத் தேர்ந்தெடுக்க வேண்டிய ஆப்பிள் தீர்ப்பு. ஆட்சியையும் அறிவையும் ஒதுக்கிக் காதலைத் தேர்ந்த பாரிசின் செயலை விளக்கத் தனிக்கதை எதுவும் சொல்லப்படவில்லை. நல்ல தேர்வா, கெட்ட தேர்வா என்று சிறு சிறு வினாக்களாகத் தொடுத்துக் கூட்டுக்குரல்களிடையே பந்தாடிவிடுகிறார் கூர்ஷ். அடுத்து கசாண்ட்ரா தன் தந்தையான அரசனை நோக்கி, பாரிசையும் உள்ளே விடாதே, அவன் அழைத்துவரும் பெண்ணையும் உள்ளே விடாதே என்று இறைஞ்சுகிறாள். ஹெலன் என்ற பெயரைச் சொல்லாமலே, நிலவையும் மங்கச் செய்யும் ஒளியாக அவளை அறிமுகம் செய்யும் வரிகள், அவளைப் பழிக்கும் வரிகளுக்குள்ளேயே அடங்கியிருக்கின்றன. இறந்தவர் நாவின்கீழ் வைக்கப்படும் நாணயம், கிரேக்கர் வழக்கில் மறுமை ஆற்றைக் கடத்தும் ஓடக்காரனுக்குரிய கூலி, கதைசொல்லியின் நாவின்கீழ் முன்பே வைக்கப்பட்டுவிட்டதாக ஓரிடத்தில் வருகிறது. பேசிக்கொண்டிருப்பவள் ஏறக்குறைய இறந்தவள் என்பதை ஒரே சடங்குப் பொருளால் உணர்த்திவிடும் அவ்விடம், பாடலாசிரியரின் திறனுக்குத் தக்க சான்று.

இசையமைப்பைப் பொறுத்தவரை ஐரோப்பியப் பாடல் வடிவங்களை இரு பெரும் வகையாகப் பிரிப்பது வழக்கம். ஒவ்வொரு சரணத்துக்கும் ஒரே மெட்டு திரும்ப வருவது ஒரு வகை. சொல்லின் போக்குக்கேற்ப இசை மாறிக்கொண்டே சென்று, வந்த வழிக்குத் திரும்பாமலே முடிவது மற்றொன்று. இரண்டாம் வகைக்கு ஜெர்மன் மொழிப் பாடல் மரபு தந்த மிகச் சிறந்த எடுத்துக்காட்டு, கதே எழுதி, ஃபிரான்ஸ் ஷூபர்ட் 1815இல் இசையமைத்த ‘எர்ல்கோனிக்’. நள்ளிரவில் குதிரையில் விரையும் தந்தையின் கையிலுள்ள குழந்தை மாயமன்னன் ஒருவனைக் காண்கிறது, தந்தை நம்ப மறுக்கிறார், வீடு சேரும்போது குழந்தை இறந்துகிடக்கிறது. கதைசொல்லி, தந்தை, மகன், மாயமன்னன் ஆகிய நால்வரையும் ஒரே பாடகர் பாட வேண்டும். குழந்தை தந்தையை விளிக்கும் கூவல் ஒவ்வொரு முறையும் சுருதியில் ஏறிக்கொண்டே போகும். கண்டவரை எவரும் நம்பாத துயரத்தை இசையாக்கும் கலையை ஜெர்மன் மொழி உலகம் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே இவ்வாறு பழகியிருந்தது.

பிளைண்ட் கார்டியனின் பாடல் இவ்விரு வகையையும் ஒன்றோடொன்று மோதவிடுகிறது. சரணங்கள் ஓரிடத்தில் நில்லாமல் ஓடுகின்றன. ‘ரிஃப்’ எனப்படும், கிதாரில் மீளமீள மீட்டப்படும் குறுந்தொடர் ஒன்று காதில் படிவதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. தாள நடை மாறுகிறது. ஓல்பிரிக்கின் முதன்மைக் கிதார், குரல் ஓயும் இடத்திலெல்லாம் நுழைந்து குரலின் மெட்டுக்கு விடை கூறுகிறது. ஆனால் இந்த ஓட்டத்தின் நடுவே பல்லவிகள் மட்டும் திரும்ப வருகின்றன. வழக்கமான பாடலில் பல்லவி இளைப்பாறும் இடம். ஊரறிந்த மெட்டுக்குத் திரும்பிவிட்டோம் என்ற நிம்மதியைக் கேட்பவருக்குத் தருவது. இங்கே பல்லவி கூறுவது முடிவை: இனி அமைதி, வேற்றுலகக் குரல் ஒன்று, மங்கும் நினைவுகள். அதாவது, கதையின் கடைசிக் காட்சி கதை முடியுமுன்பே திரும்பத் திரும்ப வருகிறது. பாரிசும் ஹெலனும் தம் விருப்பப்படி நடப்பதாக எண்ணிக்கொண்டிருக்கும்போது, மாறாத மெட்டுடன் வந்து நிற்கும் பல்லவி, அவர்கள் எத்திசையில் ஓடினாலும் சேரும் இடம் ஒன்றே என்று அறிவிக்கிறது. ஓடும் சரணங்கள் மாந்தரின் செயல் என்றால், மாறாத பல்லவி கசாண்ட்ராவின் அறிவு. சொல்லில் இருப்பதை இசை அழகுபடுத்துவதோடு நின்றுவிடாமல், சொல்லால் இயலாததை இசை செய்யும் இடம் இது.

அப்பல்லவியைப் பாடுவது யார் என்ற வினாவும் எழுகிறது. வரிகள் தன்மை ஒருமையில் அமைந்தவை. களைத்துப்போன ஓர் உயிர் தன் சாவை எதிர்நோக்கிப் பேசுகிறது. ஆனால் ஒலிப்பது கூர்ஷின் குரலே பல தடங்களில் அடுக்கப்பட்டு, இக்குழுவுக்கு நெடுநாளாகத் துணைக்குரல் தந்துவந்த ரோல்ஃப் கோலர், தாமஸ் ஹாக்மான் முதலியோரின் குரல்களும் சேர்ந்த பெருங்கூட்டுக்குரல். தெருக்கூத்தில் வேடக்காரர் பாடும் அடியைப் பின்பாட்டுக்காரர்கள் ஏற்றுப் பாடும்போது ஒருவரின் துயரம் மேடை முழுவதற்கும் உரியதாவதுபோல, தனித்து நிற்கும் பெண்ணின் சொல் இங்கே நகரத்தின் குரலாக விரிகிறது. எவரும் நம்பாத சொல்லை ஊரே சேர்ந்து பாடுவது முரண்போலத் தோன்றலாம். ஆனால் பாடுவது அழிந்துபோன ஊர் என்று கொண்டால் முரண் நீங்கும். உயிரோடிருந்தபோது நம்பாதவர்கள் இறந்தபின் அவளோடு சேர்ந்து பாடுகிறார்கள். நடுப்பகுதியில் நகரின் பெயரைக் கூட்டம் உரக்க முழங்கும் இடம் இதற்கு நேர்மாறானது. அங்கே அதே கூட்டுக்குரல் குருட்டுத் துணிவின் குரலாக ஒலிக்கிறது.

பாடலின் பிற்பகுதியில், மதிலை இடித்து மரக்குதிரையை உள்ளே கொண்டுவருவார்கள், பூத்தூவிப் பகையை வரவேற்பார்கள் என்று கசாண்ட்ரா கூறி முடித்ததும், இசை திடீரென்று மலர்கிறது. முரசின் அழுத்தம் தளர்ந்து, நாட்டுப்புற ஆட்டத்துக்குரிய துள்ளலோடு ஓர் எளிய மெட்டு எழுகிறது. கெட்ட கனவு முடிந்தது, போர் ஓய்ந்தது, வந்து எங்களோடு ஆடுங்கள் என்று டிராய் மக்கள் அழைக்கிறார்கள். வெர்ஜிலிடம் சிறுவரும் சிறுமியரும் குதிரையைச் சுற்றிப் பாடி, அதன் வடத்தைத் தொட்டு மகிழ்வதாகவும், கோயில்களுக்கு மக்கள் தழை அணிவிப்பதாகவும் வரும் காட்சியின் இசைவடிவம் இது. பாடல் முழுவதிலும் மிக அச்சமூட்டும் பகுதி எது என்றால், இடிமுழக்கமான பகுதிகள் எவையும் அல்ல, இந்த மகிழ்ச்சியான பகுதியே. சிலப்பதிகாரம் கற்றவர்களுக்கு இங்கே ஆய்ச்சியர் குரவை நினைவுக்கு வராமல் இராது. குடத்துப் பால் உறையாமை, உருக்க வைத்த வெண்ணெய் உருகாமை, ஆனிரையின் மணி நிலத்தில் வீழ்தல் ஆகிய தீநிமித்தங்களைக் கண்ட மாதரி, எழுவர் ஆய்மகளிரைக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழிசையின் பெயர்களால் நிறுத்திக் குரவையாட வைக்கிறாள். ஆட்டம் முடிந்ததும் கோவலன் கொலையுண்ட செய்தி வந்துசேர்கிறது. ஆய்ச்சியர் ஆடியது தீமை வருமென்று அஞ்சி. டிராய் மக்கள் ஆடியது தீமை போயிற்றென்று நம்பி. இந்த வேறுபாடு பெரிது. எனினும், நகர் எரிவதற்குச் சற்று முன்பு மக்களை ஆடவிட்டு, அவ்வாட்டத்தைக் கேட்பவர் வெறும் ஆட்டமாகக் கேட்கவொண்ணாதபடி செய்யும் உத்தி இரண்டிடத்தும் ஒன்றே. ஆட்டம் முறிந்து மீண்டும் இரைச்சலுக்குள் பாடல் விழும்போது, குதிரையின் வயிற்றுக்குள் கண்ணுக்குத் தெரிவதினும் மிகுதி உண்டு என்ற எச்சரிக்கை, எவர் காதிலும் விழாத வேகத்தில் கடந்துபோகிறது.

இறுதிப் பகுதியில் கசாண்ட்ராவின் கவலை உயிர்களைப் பற்றியதாக மட்டும் இல்லை. கதைகளும் கவிதைகளும் நகரத்தோடு சேர்ந்து மறைந்துபோகும் என்பதே அவளது பேரிழப்பு. இதே தொகுப்பில் ‘பேட்டில்ஃபீல்டு’ என்னும் பாடல், ‘ஹில்டபிராண்ட்ஸ்லீட்’ என்ற பழைய ஜெர்மன் வீரப்பாடலைத் தழுவியது. தந்தையும் மகனும் பொருதும் அப்பாடல் சற்றேறக்குறைய 68 அடிகளோடு முடிவு கிட்டாமல் நின்றுபோய், ஒன்பதாம் நூற்றாண்டுச் சமயச் சுவடி ஒன்றின் முதல், கடைசி ஏடுகளில் மட்டும் பிழைத்தது. காசல் நகரில் காக்கப்பட்ட அவ்விரு ஏடுகளும் 1945இல் அமெரிக்காவுக்குக் கடத்தப்பட்டு, ஒன்று 1955இலும் மற்றது 1972இலும் திரும்பிவந்தன. தம் மொழியின் மிகப் பழைய வீரப்பாடலே இப்படி அறுந்த நூலாகக் கிடைத்த மரபில் வந்தவர்கள், தொலைந்த கவிதைகளுக்காக அழும் பல்லவியை இயற்றியதில் உண்மையான வலி இருக்கிறது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் சுவடிகளோடு எரிந்ததை நினைவில் சுமந்து, பிளைண்ட் கார்டியன் தோன்றிய அதே நோர்ட்ரைன்-வெஸ்ட்ஃபாலன் மாநிலத்தில் குடியேறி வாழும் ஈழத்தமிழருக்கு இவ்வரிகளின் பொருளை எவரும் விளக்க வேண்டியிராது.

தொலைந்த கவிதைகளுக்காக அழும் அப்பல்லவியின் முடிவில் ‘இலியட்’ என்ற பெயர் உரைக்கப்படுகிறது. ஹோமரின் ‘இலியட்’டில் டிராய் வீழ்வதில்லை, ஹெக்டரின் ஈமச் சடங்கோடு நூல் முடிந்துவிடுகிறது, குதிரையின் கதை ‘ஒடிசி’யின் எட்டாம் பகுதியில் டெமோடோகஸ் என்னும் பாணன் பாட, அச்சூழ்ச்சியை நடத்திய ஒடிசியசே கேட்டுக் கண்ணீர் விடும் இடம் போன்றவற்றில் சுருக்கமாக வருகிறது. எனவே நூலறிவு நோக்கில் பெயர் பொருந்தவில்லை என்று குறை கூறலாம். ஆனால் பாடலின் தருக்கத்துக்குள் அப்பெயர் மிகச் சரியான இடத்தில் நிற்கிறது. கவிதைகள் அழியும் என்று அஞ்சியவள், எஞ்சப்போகும் கவிதையின் பெயரைத் தன்னையறியாமல் உரைத்துவிடுகிறாள். பறம்பு வீழ்ந்தபின் பாரி மகளிர் பாடிய கையறுநிலைப் பாட்டால்தான் பறம்பு இன்றும் நிற்கிறது என்பதை அறிந்த தமிழ்வாசகர், வீழ்ந்த நகரின் பெயரால் வழங்கும் நூல் ஒன்று அந்நகரைவிட நெடிது வாழ்வதன் பொருளை எளிதில் உணர்வர்.

பாடலில் குறைகளும் உண்டு. அடுக்கடுக்கான குரல்களும் கிதார்களும் ஒரே அலைவரிசைகளில் நெருக்கியடிப்பதால் சில இடங்களில் சொல் மூழ்கிவிடுகிறது. துணிந்து போரிடுவோம் என்ற வகையில் வரும் நடுப்பகுதி வரிகள், மற்றப் பகுதிகளின் செறிவுக்கு ஈடாகாத பொதுச்சொற்களாக இருக்கின்றன. டிராய் கதையை முன்பே அறியாதவர் வரிகளை மட்டும் படித்துப் பொருள் காண்பது அரிது. இத்தகைய செறிவு குழுவுக்குள்ளேயும் எல்லோருக்கும் உவப்பாக இல்லை: தொடக்கம் முதல் முரசு வாசித்துவந்த தாமஸ் ஷ்டவுக், குழுவின் இசைப்போக்கில் உடன்பாடு இல்லாமல் 2005இல் விலகினார். பிற்காலத்தில் இக்குழு ‘வீல் ஆஃப் டைம்’ போன்ற பாடல்களில் மெய்யான இசைக்குழாத்தைச் சேர்த்துக்கொண்டது. 2019இல் எழுத்தாளர் மார்க்குஸ் ஹைட்சுடன் இணைந்து, கிதாரே இல்லாமல் பிராக் நகர இசைக்குழாத்தோடு ஒரு முழுத்தொகுப்பையும் வெளியிட்டது. அவற்றின் ஒலி விரிவானது, தெளிவானது, சொற்கள் நன்றாகக் கேட்கின்றன. ஆனால் அவற்றில் கதையை வெளியிலிருந்து பார்த்துச் சொல்லும் குரலே மிகுதி. தன் சொல்லை எவரும் கேட்கமாட்டார்கள் என்று அறிந்தும் பேசியாக வேண்டிய ஒருத்தியின் நெருக்கடி, 2001ஆம் ஆண்டின் அந்தப் பதினான்கு நிமிடங்களில் வாய்த்த அளவுக்கு அங்கெல்லாம் வாய்க்கவில்லை.